சோயாவுக்குப் பதிலாக என்ன போடலாம்? புரொய்லர் வளர்ப்பவர்கள் வாருங்கள்

வத்தளை_கூடு:
எல்லோருக்கும் வணக்கம். ஹெந்தளைப் பக்கம் வாடகைக் காணியில் ஒரு தொகுதிக்கு 300 புரொய்லர் போடுகிறேன். குஞ்சும் தீனும் கம்பனியில் வாங்குகிறேன், இறைச்சியை வீடுகளுக்கும் இரண்டு மூன்று சாப்பாட்டுக் கடைகளுக்கும் கொடுக்கிறேன். செலவில் மூன்றில் இரண்டு பங்கு தீனுக்கே போய்விடுகிறது என்பதை இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. 2022இல் டொலர் இல்லாமல் சோயாவும் சோளமும் தட்டுப்பாடாகி, எத்தனையோ பேரின் கூடுகள் காலியாகக் கிடந்தன, என்னுடையதும்தான். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. இப்போது யூடியூபைத் திறந்தால் புழு வளர்க்கலாம், தண்ணீரில் மிதக்கிற அசோலாச் செடி வளர்க்கலாம், சோயாவே வேண்டாம், தீன் செலவு பாதியாகும் என்கிறார்கள். எனக்குக் கிடைக்கக்கூடியவை பேலியகொடை மீன் சந்தைக் கழிவு, அதே பக்கம் மெனிங் சந்தையில் மரக்கறிக் கழிவு, குருநாகலில் இருந்து தேங்காய்ப் புண்ணாக்கு. இவற்றை வைத்து சோயாவை எவ்வளவு குறைக்கலாம்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், வீடியோ இணைப்பு வேண்டாம் தயவுசெய்து.

மட்டக்குளி_மச்சான்:
அசோலா போடுங்கோ மச்சான். ஒரு தொட்டி, கொஞ்சம் சாணி, தண்ணீர், அவ்வளவுதான். 25% புரதம். என் வீட்டு ஊர்க்கோழிகள் அதைக் கண்டால் பாய்ந்து வருகின்றன, முட்டை மஞ்சள் கருவும் நல்ல நிறம். காசு செலவே இல்லை.

பேராதனை_தங்கச்சி:
மச்சான் அண்ணா சொன்ன 25% பொய்யில்லை, ஆனால் அது காய்ந்த அசோலாவில். ஈர அசோலாவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். நான் பேராதனையில் கால்நடைத் தீன் பற்றிப் படித்துவிட்டு இப்போது வெள்ளவத்தையில் இருக்கிறேன், அதனால் கணக்கைப் போட்டே காட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு புரொய்லர் 35 நாளில் ஏறத்தாழ 3.3 கிலோ தீன் தின்று 2 கிலோ நிறைக்கு வருகிறது. தீனில் சராசரி 20% புரதம் என்றால் ஒரு கோழிக்கு 660 கிராம் புரதம். சோளம், சோயா அடிப்படையிலான சாதாரண தீனில் சோயா (எண்ணெய் எடுத்த புண்ணாக்கு) கிட்டத்தட்ட ஒரு கிலோ உள்ளே போகிறது, அதாவது அந்த 660இல் சுமார் 450 கிராம் சோயாவில் இருந்துதான். 300 கோழிக்கு 135 கிலோ புரதம். ஒரு கிலோ ஈர அசோலாவில் இருப்பது ஏறத்தாழ 15 கிராம். சோயாவை முழுக்க எடுத்துவிட்டால் அந்தத் தொகுதிக்கு 9 தொன் ஈர அசோலா வேண்டும்! பத்தில் ஒரு பங்கை மட்டும் மாற்றுவதாக இருந்தாலும் 900 கிலோ, நாளுக்கு 26 கிலோ. நன்றாக வளர்கிற தொட்டியில் ஒரு சதுர மீட்டருக்கு நாளுக்கு 200 கிராம் எடுக்கலாம் என்று வைத்தால் 130 சதுர மீட்டர் தண்ணீர்ப் பரப்பு. வத்தளையில் அந்தக் காணிக்குக் கட்டும் வாடகையில் சோயாவே வாங்கிவிடலாம். அதோடு, வேகமாக வளர்க்கவென்றே உருவாக்கிய இனத்துக்கு வயிற்றில் தண்ணீரையும் நாரையும் நிரப்பினால் தின்ன வேண்டிய மாச்சத்துக்கு இடமில்லை. ஊர்க்கோழிக்கும் முட்டைக்கோழிக்கும் கொஞ்சம் கீரை போலப் போடலாம், நல்லதுதான். முருங்கையிலை, இப்பிலிப்பிலி (சூபாபுல்) இலை எல்லாம் இதே கதைதான். இப்பிலிப்பிலியில் மிமோசின் என்ற நஞ்சும் உண்டு, காய்ந்த இலைத்தூளைத் தீனில் 5%க்கு மேல் விடவே கூடாது.

மட்டக்குளி_மச்சான்:
சரி தங்கச்சி, என் தொட்டியை நானே வைத்துக்கொள்கிறேன் 😄

தீன்கடை_புறக்கோட்டை:
தங்கச்சி சொன்னதோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். வருகிறவர்கள் எல்லோரும் “எத்தனை வீதம் புரதம் அண்ணே” என்றுதான் கேட்கிறார்கள். புரொய்லருக்கு வேண்டியது புரதம் என்ற மொத்தம் இல்லை, அதற்குள் இருக்கிற அமினோ அமிலங்கள், அதாவது புரதத்தைக் கட்டுகிற துண்டுகள். சோளம் சோயா கலவையில் முதலில் தட்டுப்படுவது மெதியோனின், அடுத்தது லைசின், அதற்கு அடுத்தது திரியோனின். ஒரு மூட்டையின் விலை மலிவா இல்லையா என்பதை லைசின் கணக்கில் பாருங்கள். சோயா ஒரு கிலோவில் ஏறத்தாழ 28 கிராம் லைசின், அதில் 25 கிராம் வரை கோழிக்குச் சமிக்கிறது. தேங்காய்ப் புண்ணாக்கு ஒரு கிலோவில் 5, 6 கிராம்தான் லைசின், அதிலும் பாதியளவே உடம்பில் சேரும். ஆக லைசினுக்காக வாங்குவதாக இருந்தால் புண்ணாக்கின் விலை சோயா விலையில் எட்டில் ஒன்றாக இருந்தால்தான் சரி. அப்படி எந்த நாளும் இருந்ததில்லை. எள்ளுப் புண்ணாக்கு வேறு மாதிரி, புரதம் 40% தாண்டும், மெதியோனின் நிறைய, லைசின் குறைவு. அதனால் சோயாவோடு கொஞ்சம் எள்ளு சேர்வது நல்ல பொருத்தம், தனியாக எள்ளு மட்டும் என்றால் வளராது.

புண்ணாக்கை 5%க்கு மேல் புரொய்லருக்குப் போடாதீர்கள், கடைசி இரண்டு வாரத்தில் வேண்டுமானால் 8 வரை போகலாம். வாங்கும்போது மூட்டைக்குள் கையை விட்டு மணந்து பாருங்கள். ஈரம் பட்டு பூஞ்சணம் பிடித்தது என்றால் அஃப்ளாடொக்சின் வரும், கோழியின் ஈரல் போய்விடும். கடலைப் புண்ணாக்கும் அப்படித்தான். 1960இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கு மேல் வான்கோழிகள் செத்ததை ஆராய்ந்தபோதுதான் அந்த நஞ்சே கண்டுபிடிக்கப்பட்டது, பிரேசிலில் இருந்து வந்த கடலைப் புண்ணாக்குதான் காரணம்.

வத்தளை_கூடு:
அண்ணே, அப்படியென்றால் மீன் தூள்? அதில் லைசினும் மெதியோனினும் இரண்டுமே உண்டு என்கிறார்களே. நாலாம் குறுக்குத் தெருப் பக்கம் கருவாட்டுக் கடைகளில் உடைந்த கருவாடு, தூள் எல்லாம் மலிவாகத் தருகிறார்கள்.

தீன்கடை_புறக்கோட்டை:
நல்ல மீன் தூளுக்கு ஈடு எதுவுமில்லை தம்பி, 60% புரதத்துக்கு மேல், சோயாவில் இருப்பதைவிட லைசினும் மெதியோனினும் மிக அதிகம். பிரச்சினை “நல்ல” என்ற இடத்தில்தான். கருவாட்டுத் தூளில் உப்பு 15% என்று வையுங்கள். தீனில் 5% கலந்தால் அதிலிருந்தே 0.75% உப்பு வந்துவிடும். புரொய்லர் தீனில் மொத்த உப்பே 0.3% அளவில்தான் இருக்க வேண்டும். கோழி தண்ணீராகக் குடிக்கும், எச்சம் தண்ணீராகப் போகும், உமிப் படுக்கை நசநசவென்று ஈரமாகும், அமோனியா கிளம்பும், காலடி புண்ணாகும். மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம்.

மணலும் ஒரு தொல்லை. ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் ஒரு பிடி போட்டுக் கலக்கினால் அடியில் எவ்வளவு மணல் நிற்கிறது என்று தெரிந்துவிடும். அடுத்தது யூரியா. புரதம் அளக்கிற சோதனை உண்மையில் நைதரசனைத்தான் அளக்கிறது, பிறகு 6.25ஆல் பெருக்குகிறார்கள். யூரியாவில் 46% நைதரசன் என்பதால் காகிதத்தில் அது 287% “புரதம்”. நூறு கிலோ மட்டமான தூளில் மூன்று கிலோ யூரியாவைக் கலந்தால் அறிக்கையில் ஏழு வீதமளவு கூடிவிடும், கோழிக்கு ஒரு பயனும் இல்லை. 2008இல் சீனப் பால்மாவில் மெலமைன் கலந்ததும் இதே தந்திரம்தான்.

பேராதனை_தங்கச்சி:
யூரியாவைப் பிடிக்க வீட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. வறுக்காத பச்சைச் சோயாவை அரைத்து ஒரு கரண்டி எடுங்கள், சந்தேகமான மீன் தூளோடு இளஞ்சூட்டு நீரில் கலந்து மூடி வையுங்கள். பச்சைச் சோயாவில் யூரியேஸ் என்ற நொதியம் உண்டு, அது யூரியாவை உடைத்து அமோனியா ஆக்கும். கொஞ்ச நேரத்தில் மூடியைத் திறந்ததும் மூக்கில் குத்தினால் மூட்டையைத் திருப்பிக் கொடுங்கள். பழைய, கெட்டுப்போன மீன் தூளில் இயல்பாகவே அந்த மணம் கொஞ்சம் இருக்கும், அதனால் சோயா போடாமல் வெறும் தண்ணீரில் கலந்த ஒரு குவளையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும்.

வத்தளை_கூடு:
பச்சைச் சோயா என்றதும் ஞாபகம் வந்தது. அநுராதபுரத்தில் இருந்து ஒருவர் சோயா அவரையாகவே தருகிறேன் என்கிறார். அரைத்து நேரே போடலாமா? எண்ணெயும் உள்ளே இருக்கிறதே, சத்து கூடத்தானே?

பேராதனை_தங்கச்சி:
ஐயோ வேண்டாம். பச்சையாகப் போட்டால் அதிலுள்ள டிரிப்சின் தடுப்பி புரதம் சமிப்பதையே நிறுத்திவிடும், கோழியின் கணையம் வீங்கும், தின்னத் தின்ன வளராது. அவித்தோ வறுத்தோதான் கொடுக்க வேண்டும். ஊறவைத்து அரை மணி நேரம் கொதிக்க அவித்துக் காயவைப்பது வீட்டில் செய்யக்கூடியது. வறுப்பதென்றால் விதையின் உள்ளே 110, 120 பாகை வரை சூடு போக வேண்டும், ஆனால் கறுக்க விட்டால் லைசின் பாழாகிவிடும். சரியாக வெந்ததா என்று பார்க்க மேலே சொன்ன சோதனையைத் திருப்பிப் போடுங்கள்: வெந்த சோயாத் தூளில் கொஞ்சம் யூரியாவும் இளஞ்சூட்டு நீரும் சேர்த்து மூடி வைத்து, அமோனியா மணம் குத்தினால் இன்னும் வேகவில்லை. முழு அவரையில் புரதம் 36 முதல் 38%, எண்ணெய் 18 முதல் 20%. தீனில் எண்ணெய் தனியாக ஊற்றும் செலவு மிச்சம், எனக்குக் கேட்டால் உங்கள் பட்டியலில் உருப்படியான முதல் யோசனை இதுதான்.

கொலன்னாவை_புழுக்காரன்:
யாராவது புழுவைப் பற்றிக் கேட்பார்கள் என்று காத்திருந்தேன், கேட்கவில்லை, நானே வந்துவிட்டேன். பிளாக் சோல்ஜர் ஃபிளை என்ற ஈயின் புழு, சுருக்கமாக பி.எஸ்.எஃப். மீத்தொட்டமுல்லைக் குப்பை மேடு 2017 சித்திரை வருடப்பிறப்பன்று சரிந்து வீடுகளை மூடியது எங்கள் பக்கத்தில்தான். குப்பையை வீட்டு வாசலிலேயே ஏதாவது செய்ய முடியாதா என்று தேடியபோதுதான் இந்த ஈயைப் பற்றி அறிந்தேன். இது சாப்பாட்டில் வந்து உட்காருகிற வீட்டு ஈ இல்லை. வளர்ந்த ஈ கடிக்காது, உணவைத் தேடி வீட்டுக்குள் வராது, சில நாட்களில் முட்டை போட்டுவிட்டுச் செத்துவிடும். ஒரு பெண் ஈ சில நூறு முட்டைகளைக் கழிவுக்கு மேலே காய்ந்த இடுக்கில் போடும். அட்டைப்பெட்டித் துண்டை மடித்துக் கட்டித் தொங்கவிட்டால் அதற்குள் போடும். நாலு நாளில் பொரித்து, நல்ல தீன் இருந்தால் இரண்டு வாரத்தில் அறுவடை.

கணக்கு கேட்பீர்கள். உயிர்ப்புழு ஒரு கிலோவில் புரதம் ஏறத்தாழ 140 கிராம். உங்கள் 300 கோழியின் சோயாவில் கால் பங்கை மாற்ற 34 கிலோ புரதம், அதாவது 240 கிலோ புழு. நூறு கிலோ ஈரக் கழிவில் நன்றாகப் போனால் 15 முதல் 20 கிலோ புழு கிடைக்கும். ஆக ஒரு தொகுதிக்கு 1.2 முதல் 1.6 தொன் கழிவு, நாளுக்கு 40 கிலோ சுமார். அசோலா மாதிரிக் கனவு இல்லை, கையால் செய்யக்கூடிய அளவு, ஆனால் ஒரு ஆளின் காலை நேரம் முழுக்கப் போகும். மெனிங் சந்தைக் கழிவை மட்டும் போட்டால் தண்ணீர் ஊற்றெடுக்கும், புழு மெலிந்து வரும். அரிசித் தவிடு, பேக்கரி மிச்சம், பீர் ஆலைப் பார்லிச் சக்கை எது கிடைக்கிறதோ அதைக் கலந்து, கையில் பிழிந்தால் இரண்டு மூன்று துளி மட்டும் விழுகிற ஈரத்தில் வையுங்கள். மீன் குடல் கொஞ்சம் போடலாம், நிறையப் போட்டால் புழு தின்று முடிக்குமுன் அக்கம்பக்கம் பி.எச்.ஐ.யை (பொதுச் சுகாதாரப் பரிசோதகரை) கூப்பிட்டுவிடும். வடிகால் ஓரக் கழிவு, பற்றரியும் பிளாஸ்டிக்கும் கலந்த குப்பை எதையும் தொடாதீர்கள், கட்மியம் என்ற நச்சு உலோகத்தை இந்தப் புழு உடம்பில் சேர்த்து வைக்கும்.

காயவைப்பதுதான் கொழும்பில் பெரிய தலைவலி. ஐப்பசி, கார்த்திகை மழையில் வெயிலை நம்ப முடியாது. கொதிநீரில் சில நிமிடம் போட்டு எடுத்து, பிறகு அடுப்புச் சூட்டில் உலர்த்த வேண்டும். எரிவாயுச் செலவைச் சேர்த்தால் இலாபம் பறந்துவிடும். அதனால் நான் உயிரோடேயே கொடுக்கிறேன், காலையில் ஒரு முறை, கம்பனித் தீனோடு. காய்ந்த புழுவில் கொழுப்பு 30% வரை போவதால் சேமித்து வைத்தால் சிக்குப் பிடிக்கவும் செய்யும்.

பேராதனை_தங்கச்சி:
புழு அண்ணா சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம். காய்ந்த புழுவில் 42% புரதம் என்று அறிக்கை வந்தால் அத்தனையும் புரதம் இல்லை, புழுத் தோலில் உள்ள கைட்டின் என்ற பொருளில் இருக்கிற நைதரசனும் அதில் எண்ணப்படுகிறது. 6.25க்குப் பதில் 4.76 போட வேண்டும் என்று சொல்கிற ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். ஆகவே கால் பங்கு என்று கணக்குப் போட்டால் உண்மையில் ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2021இல்தான் கோழிக்கும் பன்றிக்கும் பூச்சிப் புரதத்தை அனுமதித்தது, அதிலும் குசினிக் கழிவில் வளர்த்த பூச்சியை அனுமதிக்கவில்லை. நம் ஊரில் சொந்தக் கோழிக்குப் போடுவது வேறு, விற்பதற்காகத் தீன் தயாரித்தால் 1986ஆம் ஆண்டு 15ஆம் இலக்க விலங்குத் தீன் சட்டத்தின் கீழ்ப் பதிய வேண்டும்.

மாபோலை_நானா:
அஸ்ஸலாமு அலைக்கும், எல்லோருக்கும் வணக்கம். நான் வாங்கி விற்கிறவன், அதனால் என் வாடிக்கையாளர் கேட்பதைச் சொல்கிறேன். புழு தின்ற கோழி ஹலாலா என்று கேட்கிறார்கள். கோழி இயல்பாகவே மண்ணைக் கிளறிப் புழு தின்கிற பிராணி, அதில் யாருக்கும் தடையில்லை. ஆனால் அசுத்தத்தையே பிரதான உணவாகத் தின்ற பிராணிக்கு ஜல்லாலா என்ற சட்டம் உண்டு. அறுப்பதற்கு முன் கொஞ்ச நாள் அடைத்து வைத்துச் சுத்தமான தீன் போடுவது பழைய வழக்கம், இப்னு உமர் கோழியை மூன்று நாள் அடைத்து வைத்ததாக வருகிறது. அதனால் கடைசி ஒரு வாரம் புழுவை நிறுத்திவிட்டேன் என்று வளர்ப்பவர் சொன்னால் என்னால் மனதோடு விற்க முடியும். எனக்கு உண்மையில் பயம் புழுவில் இல்லை, எலும்பு இறைச்சித் தூளில். அதில் பன்றி கலந்திருக்கிறதா என்று மூட்டையைப் பார்த்து எப்படித் தெரிவது? அதைப் போட்டால் என்னிடம் கொண்டுவர வேண்டாம், இவ்வளவுதான்.

நீர்கொழும்பு_கடற்கரை:
நானா சொன்ன கடைசி வாரம் என்பது மீனுக்கும் பொருந்தும், மார்க்கக் காரணம் இல்லை, வாய்க் காரணம். மீன் எண்ணெய் மணம் இறைச்சியில் ஏறும், கறியில் தேங்காய்ப்பால் எவ்வளவு விட்டாலும் போகாது. அறுப்பதற்குப் பத்துப் பன்னிரண்டு நாளுக்கு முன்பே நிறுத்துங்கள்.

பேலியகொடைக் கழிவை எடுக்கிறவர் அதைக் காயவைக்க முயல வேண்டாம். மூடியுள்ள பிளாஸ்டிக் பரலில் குடல், தலை எல்லாவற்றையும் அரைத்துப் போட்டு நிறையில் 3% அளவு போமிக் அமிலம் கலந்து நாளுக்கு இரு முறை கிளறினால், நம் வெப்பத்தில் சில நாளில் கூழாகிவிடும். மீன் குடலில் இருக்கிற நொதியமே அந்த வேலையைச் செய்கிறது. பீ.எச். (புளிப்பை அளக்கிற எண்) 4க்குக் கீழே நின்றால் அழுகாது. பீ.எச். காட்டுகிற காகிதக் கீலம் வாங்கிப் பாருங்கள், மணத்தை நம்பாதீர்கள். அமிலத்தைத் தொடும்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், தோலைப் பொசுக்கிவிடும். பிறகு தவிட்டோடு பிசைந்து தீனில் கலக்கலாம். கோழிக் கழிவை மட்டும் இந்தப் பரலில் போடாதீர்கள், ராணிக்கெட் என்ற கோழி நோயையும் சல்மொனெல்லாக் கிருமியையும் அழைத்து வருகிற வேலை அது.

பம்பலப்பிட்டி_கணக்கு:
எல்லாம் சரி, ஆனால் கூலி எங்கே? புழுவுக்கு ஒரு காலை, பரலுக்கு ஒரு மாலை, சோயா அவிக்க விறகு. 300 கோழிக்கு இத்தனை வேலை செய்கிற நேரத்தில் தீனைச் சிந்தாமல் போட்டாலே ஐந்து வீதம் மிச்சம். முக்கால்வாசிப் பேரின் தீன் தட்டு கோழியின் முதுகு உயரத்துக்குக் கீழே இருக்கிறது, கிளறிக் கொட்டிக்கொண்டே இருக்கும். முதலில் அதை உயர்த்துங்கள். யாரும் சொல்லாத இன்னொரு வழி, லைசினும் மெதியோனினும் தூளாகவே கிடைக்கின்றன. அவற்றைச் சரியாகப் போட்டால் மொத்தப் புரதத்தையே ஒன்று ஒன்றரை வீதம் குறைக்கலாம், சோயாவும் தானாகக் குறையும், எச்சத்தில் அமோனியாவும் குறையும்.

பேராதனை_தங்கச்சி:
கணக்கு அண்ணா சொன்னது நூற்றுக்கு நூறு. வத்தளை அண்ணாவுக்காக 100 கிலோ பினிஷருக்கு (கடைசி வாரங்களில் போடும் தீனுக்கு) ஒரு கலவை எழுதுகிறேன், மிருக வைத்தியரிடம் காட்டிவிட்டுப் போடுங்கள். சோளம் 57, சோயாப் புண்ணாக்கு 22, காய்ந்த புழு 5, தேங்காய்ப் புண்ணாக்கு 5, அரிசித் தவிடு 5, எள்ளுப் புண்ணாக்கு 2. இது 96. மிச்சம் நாலு கிலோவுக்குள் எண்ணெய், டி.சி.பி. (கல்சியமும் பொசுபரசும் தருகிற தூள்), சுண்ணாம்புத் தூள், உப்பு, விற்றமின் கலவை, மெதியோனின் 200 கிராம், லைசின் 200 கிராம். புரதம் 19%க்குச் சற்று மேலே வரும், சக்தி கம்பனி பினிஷரைவிடக் கொஞ்சம் குறையும், அதனால் கோழி இரண்டு மூன்று நாள் பிந்தி நிறைக்கு வரலாம். புழுவில் கல்சியம் அதிகம், சுண்ணாம்பை வழக்கம்போல் அள்ளிப் போடாதீர்கள். இதில் சோயா முழுக்கப் போகவில்லை பாருங்கள், இந்த அளவு காணிக்கும் ஆளுக்கும் இதற்கு மேல் போகாது என்பதுதான் என் அபிப்பிராயம். முதல் இரண்டு வாரம் கம்பனி ஸ்டார்ட்டரில் (குஞ்சுத் தீனில்) கை வைக்கவே வேண்டாம். அந்த வயதில் சமிக்கிற லைசின் 1.3% அளவு வேண்டும், அங்கே பின்தங்கிய குஞ்சு பிறகு எட்டிப் பிடிக்காது.

வத்தளை_கூடு:
எல்லோருக்கும் நன்றி. அசோலா இல்லை, கருவாட்டுத் தூள் இல்லை. ஸ்டார்ட்டர் கம்பனியுடையது. மூன்றாம் வாரத்தில் இருந்து அவித்த சோயாவும் எள்ளும், 50 கோழியைத் தனியாகப் பிரித்து அவற்றுக்கு மட்டும் புழு. இரண்டு பக்கமும் தீனையும் நிறையையும் எழுதிவைத்து இங்கேயே போடுகிறேன். தீன் தட்டை இன்றைக்கே உயர்த்திவிட்டேன், கணக்கு அண்ணாவுக்குத் தனி நன்றி. நானா, மாபோலைப் பக்கம் சோயா அரைக்க மில் இருக்கிறதா?

மாபோலை_நானா:
இருக்கிறது, உள்பெட்டியில் சொல்கிறேன். அது மிளகாய், மல்லி அரைக்கிற மில், சோயாவை மட்டும் கொண்டு வாருங்கள். காய்ந்த புழுவோடு வாசலில் வந்து நின்றால் என்னையும் சேர்த்து விரட்டுவார்கள்.